லிட்டிகோட்டைட்டுனு சொல்லி வாங்கின கல்லு

போன டிசம்பர்ல ஒரு கல்லு வாங்கினேன். மோதிரத்துல பதிக்கிற கல்லு இல்ல, ராசிக்கல்லும் இல்ல, சும்மா வெச்சுப் பாக்குறதுக்குனே வாங்கினது. நாலு சென்டிமீட்டர் அகலம், மூணு மில்லிமீட்டர் தடிமன், ரெண்டு பக்கமும் பாலிஷ் போட்ட ஒரு ஸ்லைஸ். வெல எவ்ளோனு இங்க எழுத மாட்டேன், வீட்ல ஒரு நம்பர் சொல்லி வெச்சிருக்கேன், என் தங்கச்சி இத படிப்பா.

பார்சல பிரிச்சு டேபிள் மேல வெச்சப்போ அடி வயிறு கலங்கிடுச்சு. கருகின அப்பளம் மாதிரி பழுப்பா கருப்பா கிடந்துச்சு. சரி ஏமாந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டே ஜன்னல் பக்கம் போயி வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சேன். ஓரத்துல தேன் கலர்ல மெல்லிசா ஒரு கரை, அதுக்குள்ள பாசிப்பச்சை, அதுக்குள்ள வெளிறின ரோஸ், நடுவுல ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி ஒரு செவப்பு முக்கோணம், அந்த முக்கோணத்தோட நடுவுல இருந்து மூணு மூலைக்கும் மூணு வெள்ளக் கோடு. கலெக்டருங்க இத பென்ஸ் ஸ்டார்னு சொல்லுவாங்க, அந்தக் கார் லோகோ மாதிரியே இருக்கும். அஞ்சு நிமிஷம் அப்படியே நின்னுட்டேன், குக்கர் விசில் அடிச்சது கூட காதுல விழல.

விக்கிறவர் சொன்ன பேர் லிட்டிகோட்டைட். டூர்மலின்ங்கற ரத்தினக் கல்லு குடும்பத்துல ஒரு அபூர்வமான உறுப்பினர், ஊர் மடகாஸ்கர். அந்தப் பேர் உண்மையானு கண்டுபிடிக்கக் கிளம்பினதுதான் இந்த போஸ்ட்.

முதல்ல பேர். ரிச்சர்ட் லிட்டிகோட்னு ஒரு அமெரிக்கர், 1918ல பொறந்தவரு, ஜிஐஏனு சொல்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்த 1952ல இருந்து 1983 வரைக்கும் நடத்தினவரு. வைரத்துக்கு டி கலர், இ கலர், எஃப் கலர்னு கடையில சொல்றாங்கல்ல, அந்த டி-ல இருந்து இசட் வரைக்குமான கிரேடிங் 1950கள்ல அந்த நிறுவனத்துல உருவாக முக்கியமான ஆளு இவருதான். 1977ல அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியம் ஆளுங்க மூணு பேரு, டன், ஆப்பிள்மேன், நெலன், இந்தக் கனிமத்த புதுசுனு அறிவிச்சு அவர் பேர வெச்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா கல்லு புதுசே இல்ல. மடகாஸ்கர்ல இருந்து இந்த மாதிரி கலர் கலரான டூர்மலின் அதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஐரோப்பாவுக்குப் போயி, அறுத்து, வித்து, மியூசியத்துல எல்லாம் உக்காந்தாச்சு, எல்லாரும் அத டூர்மலின்லயே இன்னொரு வகையான எல்பைட்னு லேபிள் ஒட்டி வெச்சிருந்தாங்க. உள்ள என்ன இருக்குனு அளந்து பாத்தப்புறம்தான் ஆளு வேறனு தெரிஞ்சுது.

எல்பைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா, ஒரே ஒரு நாற்காலி.

டூர்மலின்ங்கறது ஒரே கனிமம் இல்ல, ஒரே வீட்டு பிளான்ல கட்டின பல வீடு. இப்போ 40க்கு மேல வகை இருக்கு. எல்லாத்துலயும் சிலிக்கான் ஆறு பேர் கைகோத்து கும்மியடிக்கிற மாதிரி ஒரு வளையம், ஒவ்வொரு சிலிக்கானையும் சுத்தி ஆக்ஸிஜன், கூடவே போரான், பெரும்பாலும் அலுமினியமும். அந்த வளையங்கள் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நிக்குது, அடுக்கோட மைய அச்சுல ஒரு பெரிய இடம் இருக்கும், அதுதான் நான் சொல்ற நாற்காலி. எல்பைட்ல அங்க சோடியம் உக்காந்திருக்கும். லிட்டிகோட்டைட்ல கால்சியம். அவ்ளோதான் வித்தியாசம், ஆனா ஆள் மாறினா வீட்டுக் கணக்கும் மாறும், ஏன்னா சோடியத்துக்கு மின்சுமை ஒண்ணு, கால்சியத்துக்கு ரெண்டு, ஒண்ணு கூடிப்போச்சுனா வேற எங்கயாவது ஒண்ணு கொறைக்கணும். பக்கத்துல மூணு இடம் இருக்கு, எல்பைட்ல அந்த மூணையும் லித்தியமும் அலுமினியமும் ஒண்ணரை ஒண்ணரையா பங்கு போட்டுக்கும், லிட்டிகோட்டைட்ல லித்தியம் ரெண்டு, அலுமினியம் ஒண்ணு. லித்தியம் ஒரு சுமை, அலுமினியம் மூணு சுமை, நாற்காலில இருக்குறவரோடதையும் சேத்துக் கூட்டிப் பாருங்க ரெண்டு பக்கமும் ஏழு வரும். நான் பேப்பர்ல போட்டுப் பாத்தேன், டேலி ஆனப்போ ஸ்கூல்ல பேலன்ஸ் பண்ணாத ஈக்வேஷனுக்கெல்லாம் பழி தீர்த்த மாதிரி இருந்துச்சு.

இப்போ, கால்சியம் என்ன தங்கமா, சுண்ணாம்புதானே, இதுல என்ன அபூர்வம்னு தோணும். எனக்கும் தோணுச்சு. கால்சியம் இருக்குற டூர்மலின் அபூர்வமே இல்லதான், இலங்கையோட ஊவா மாகாணத்து பேர்லயே உவைட்னு ஒண்ணு இருக்கு, அதுலயும் அந்த நாற்காலில கால்சியம்தான். ஆனா அதுக்குப் பக்கத்துல மக்னீசியம், அது சுண்ணாம்புப் பாறை வெந்து மார்பிள் ஆகுற மாதிரி இடத்துல வர்றது, அங்க கால்சியத்துக்குப் பஞ்சமே கிடையாது. கால்சியமும் லித்தியமும் ஒரே வீட்ல குடியிருக்கறதுதான் அபூர்வம், ஏன்னா ரெண்டு பேரும் சந்திக்கிற நேரமே வேற வேற.

லித்தியம் டூர்மலின் பொறக்குற இடம் பெக்மடைட். பூமிக்கு அடில கிரானைட் குழம்பு ஆறுறப்போ முதல்ல கெட்டியாகுற கனிமங்கள் தனக்குப் புடிச்சத எல்லாம் எடுத்துக்கும், யாருக்கும் ஒத்துவராத தண்ணி, போரான், லித்தியம், ஃப்ளோரின் எல்லாம் கடைசி வரைக்கும் மிச்சம் மிச்சமா சேந்துக்கிட்டே வரும். கல்யாண வீட்டு கடைசிப் பந்தி மாதிரி வெச்சுக்கோங்களேன். அந்தக் கடைசிக் குழம்பு சுத்தியிருக்குற பாறையோட விரிசல்ல புகுந்து ஆறுறதுதான் பெக்மடைட், நிறைய தண்ணி இருக்குறதால அந்தக் குழம்பு நீர்க்க இருக்கும், அதனால படிகங்க பெருசு பெருசா வளரும், நடுவுல காலியா பொந்து விழும், அந்தப் பொந்துல தான் நல்ல கல்லு. ஆனா கால்சியம் முதல் பந்திலயே சாப்பிட்டுக் கிளம்புற ஆளு. ஆரம்பத்துல உருவாகுற ஃபெல்ட்ஸ்பார்ங்கற கனிமம் அத இழுத்துக்கும். லித்தியம் வந்து உக்கார்றப்போ எல வெறும் எலதான், கால்சியம் இருக்காது, சோடியம்தான் இருக்கும், அதனாலதான் உலகத்துல லித்தியம் டூர்மலின்னாலே பெரும்பாலும் எல்பைட்.

மத்திய மடகாஸ்கர்ல சில பெக்மடைட்ல மட்டும் கடைசி வரைக்கும் கால்சியம் தாராளமா இருந்திருக்கு. அதுல ரொம்பப் பேர் போனது அஞ்சனபோனோயினா, அன்ட்ஸிராபேங்கிற ஊருக்குத் தென்மேற்குல. (அஞ்சனான்னு ஆரம்பிக்கிறதால எங்கம்மா அது ஆஞ்சநேயர் சம்பந்தப்பட்ட ஊர்னு முடிவே பண்ணிட்டாங்க, நான் மறுத்துப் பேசல.) அங்க டூர்மலின் கூடவே டான்புரைட்னு ஒண்ணு கிடைக்குது, அது கால்சியமும் போரானும் சேந்த கனிமம், கால்சியம் அங்க எவ்ளோ தாராளம்னு அதுலயே தெரிஞ்சிடும். பெக்மடைட் நல்லா மக்கி களிமண்ணா ஆகியிருக்குறதால மனுஷங்க மண்வெட்டியாலயே குழி தோண்டி எடுக்குறாங்க. அன்ட்ஸிராபே கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரத்துல இருக்குற மலை ஊரு, வெந்நீர் ஊத்து இருக்கு, ஊர் பேருக்கு அர்த்தமே உப்பு நிறைய இருக்குற இடம்னுதான். மடகாஸ்கருக்கு வெளிய வியட்நாம்ல லூக் யென் பக்கத்துப் பெக்மடைட்லயும் லிட்டிகோட்டைட் வருது, இன்னும் சில நாடுகள்லயும் கொஞ்சம் கொஞ்சம், ஆனா இந்த முக்கோண டிசைனுக்குன்னு பேர் வாங்கினது மடகாஸ்கர்தான்.

அந்த டிசைன் எப்படி வருது? எனக்கு இதுதான் ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு, பீச்சுல கடலை வாங்கித் தின்னப்போதான் பல்பு எரிஞ்சுது. கடலை மடிச்சுத் தர்ற பேப்பர் கூம்பு இருக்குல்ல, அத நூறு எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி அடுக்குங்க, ஒவ்வொரு கூம்பும் ஒவ்வொரு கலர் பேப்பர். இப்போ அந்த அடுக்க குறுக்க கத்தியால ஒரு வெட்டு வெட்டினா வெட்டின முகத்துல வளையம் வளையமா கலர் தெரியும். படிகம் வளர்றப்போ நுனி கூம்பாதான் இருக்கும், ஆனா ரவுண்டு கூம்பு இல்ல, மூணு பக்கம் உள்ள கூம்பு, டூர்மலினோட சமச்சீர் மூணு. ஒவ்வொரு தடவ குழம்போட சரக்கு மாறுறப்பவும் அந்தக் கூம்பு மேல வேற கலர்ல ஒரு பூச்சு. மாங்கனீசு இருந்தா ரோஸ், செவப்பு. இரும்பு சேந்தா பச்சை. மாங்கனீசும் டைட்டானியமும் கூட்டு சேந்தா மஞ்சள் பக்கம் போகும். அத குறுக்க அறுத்தா முக்கோணத்துக்குள்ள முக்கோணம். மூணு பக்கமும் சந்திக்கிற விளிம்பு தான் அந்த மூணு வெள்ளக் கோடா விழுது. பக்கவாட்டுல ஒட்டுற பூச்சு ஓரத்துக் கரையாகுது.

அதனாலதான் ஒரு படிகத்த நறுக்கினா அடுத்தடுத்த ரெண்டு ஸ்லைஸ் கூட ஒரே மாதிரி இருக்காது. ஒண்ணுல பெரிய முக்கோணம், அஞ்சு மில்லி மேல போனா அது சுருங்கி வேற கலர் ஆரம்பிச்சிருக்கும். மெல்லிசா அறுக்குறதுக்கும் காரணம் இருக்கு, டூர்மலின நீளவாக்குல உள்ள பாத்தா வெளிச்சத்த ரொம்ப முழுங்கும், பக்கவாட்டுல பாத்தா தெளிவா இருக்குற கல்லே நுனில இருந்து பாத்தா இருட்டா தெரியும். என் அப்பளக் கல்லோட ரகசியமும் அதான்.

இன்னொரு விஷயம் சொல்லாம விட முடியாது. மேல் நுனியும் கீழ் நுனியும் ஒண்ணு போல இல்லாத படிகம் இது, அதனால சூடு பண்ணினாலோ சூடு ஆறினாலோ ஒரு முனை பாசிட்டிவ் ஆகும் ஒரு முனை நெகட்டிவ் ஆகும், அழுத்தினாலும் மின்சாரம் வரும். க்யூரி அண்ணன் தம்பி ரெண்டு பேரும் 1880ல அழுத்த மின்சாரத்த கண்டுபிடிச்சப்போ சோதிச்ச படிகங்கள்ல டூர்மலினும் ஒண்ணு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1703 வாக்குல டச்சுக்காரங்க இலங்கைல இருந்து இந்தக் கல்ல ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டு போனாங்க, சூடான கல்லு சாம்பல இழுக்குறத பாத்து ஆஷென்ட்ரெக்கர், அதாவது சாம்பல் இழுப்பான்னு பேர் வெச்சாங்க, புகைக்குழாய்ல இருந்து சாம்பல எடுக்கப் பயன்படுத்தினாங்கனு கதை. டூர்மலின்ங்கற பேரே சிங்களத்துல தோரமல்லினு சொல்றதுல இருந்து வந்ததுதான், தமிழ்லயும் தோரமல்லினு சொல்றவங்க உண்டு.

நான் சும்மா இருப்பேனா. ஸ்லைஸ்ல கை வைக்க பயம், உள்ள விரிசல் இருக்கு, சூடு பண்ணினா ரெண்டாப் போயிடும். எங்கிட்ட பென்சில் துண்டு மாதிரி ஒரு பச்ச டூர்மலின் இருந்துச்சு, அத ஹேர் டிரையர்ல காட்டிட்டு பூஜை ரூம்ல இருந்து விபூதி டப்பாவ எடுத்துக்கிட்டு வந்தேன். முதல் தடவ ஒண்ணும் நடக்கல, காத்துல ஈரம் ஜாஸ்தி, சுமை தங்காது. ராத்திரி ஏசி ரூம்ல மறுபடி ட்ரை பண்ணினேன், கல்லு ஆற ஆற ஒரு முனைல விபூதி துகள் ஒரு பத்து பதினஞ்சு தாவி ஒட்டிக்கிச்சு. பெரிய மேஜிக் இல்ல, லென்ஸ் வெச்சுதான் பாக்கணும். அம்மா பாத்துட்டு கல்லுக்கே பட்டை போட்டு விட்டுட்டியாடானு கேட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கல்லு கூட ஒரு லேப் சர்ட்டிபிகேட் கார்டு வந்துச்சு, நல்லா லேமினேட் பண்ணி. விளம்பரத்துல 100 சதவீதம் லிட்டிகோட்டைட்டுனு போட்டிருந்துச்சு, கார்டுல வெறும் இயற்கை டூர்மலின்னு மட்டும் போட்டிருந்தாங்க. விக்கிறவர்கிட்ட கேட்டதுக்கு எல்லாம் ஒண்ணுதான் சார்னு பதில். கடுப்பாதான் இருந்துச்சு, ஆனா படிக்கப் படிக்க லேபுக்காரங்க மேல தப்பு இல்லனு புரிஞ்சுது. ஒளிவிலகல் எண்ணு பாத்தா ரெண்டுமே 1.62ல இருந்து 1.64 வரைக்கும், அடர்த்தி தண்ணிய விட மூணு மடங்குக்கு ஒரு சொட்டு மேல, கடினம் பத்துக்கு ஏழு ஏழரை. கடைல வெச்சிருக்குற எந்தக் கருவியாலயும் எல்பைட்டையும் லிட்டிகோட்டைட்டையும் பிரிக்கவே முடியாது. கலர் வெச்சு சொல்ல முடியாது, முக்கோணம் வெச்சும் உறுதியா சொல்ல முடியாது. சோடியமா கால்சியமானு அளந்தாதான் உண்டு, அதுக்கு எலெக்ட்ரான் மைக்ரோப்ரோப் வேணும், எலெக்ட்ரான பாய்ச்சி உள்ள எந்தத் தனிமம் எவ்ளோ இருக்குனு அளக்குற மெஷின். அதுலயும் ஒரு கூத்து, லித்தியம் ரொம்ப லேசான தனிமம்ங்கறதால அந்த மெஷினுக்கு அது கண்ணுலயே படாது, கணக்குப் போட்டுதான் சொல்லுவாங்க. நல்லவேளை பேர் முடிவு பண்றது நாற்காலில உக்காந்தவர வெச்சு, அவர மெஷின் பாத்துடும்.

அதுலயும் எலக்‌ஷன் மாதிரி ரூல், நாற்காலிங்கள்ல யார் அதிகமோ அவர் பேர்தான். ஒரே படிகத்துல எண்ணி மாளாத அளவு நாற்காலி, சிலதுல கால்சியம், சிலதுல சோடியம், சிலது காலி. ஒரு கலர் பட்டைல கால்சியம் ஜெயிச்சா அது லிட்டிகோட்டைட், ஒரு மயிரிழை தள்ளி அடுத்த பட்டைல சோடியம் ஜெயிச்சா அது எல்பைட். 2002ல ஜெம்ஸ் அண்ட் ஜெமாலஜி பத்திரிகைல அஞ்சனபோனோயினா கல்லுங்கள வரிசையா அளந்து ஒரு கட்டுரை வந்துச்சு, லிட்டிகோட்டே பல வருஷம் ஆசிரியரா இருந்த பத்திரிகை, அதே வருஷம் ஜூலைல அவரும் போயிட்டாரு. அந்தக் கட்டுரைலயும் இதே கதைதான், மடகாஸ்கர் முக்கோணக் கல்லுனு பொத்தாம் பொதுவா பேர் வெச்சிட முடியாது. இது போதாதுனு 2011ல டூர்மலின் பேர் எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணினப்போ லிட்டிகோட்டைட்ங்கற பேரே ஃப்ளோர்-லிட்டிகோட்டைட்டுனு மாறிடுச்சு, ஃப்ளோரின் உக்கார்ற இன்னொரு இடத்தயும் கணக்குல சேத்ததால. அந்த வேலைக்குத் தலைமை தாங்கின டேரல் ஹென்றி பேர்லயே அடுத்து ஒரு டூர்மலின் வந்துச்சு, டேரல்ஹென்றியைட், செக் நாட்டுல கிடைச்சது. பந்தி பரிமாறினவருக்கும் எல போட்டாச்சு.

ஒரு ஜியாலஜி டிபார்ட்மென்ட்ல இருக்குற பிரெண்டுகிட்ட கல்ல கொண்டு போனேன். ஆசையா வாங்கிப் பாத்துட்டு சிரிச்சான், மச்சான் எங்க மெஷின் ஹோல்டர்ல ஒரு இன்ச்சுக்கு மேல போகாதுடா, இது ஒன்றரை இன்ச் இருக்கு, ஒரு துண்டு தா, வேணும்னா ஓரத்துல இருந்து ஒரு சில்லு குடு, பண்ணித் தர்றேன்னான்.

திருச்சில எங்க மாமா நாப்பது வருஷம் கல்லுப் பட்டறைல பட்டை தீட்டினவரு, கண்ணு இப்போ சரியில்ல, ஆனா கை இன்னும் நடுங்காது. அவர்கிட்ட கேட்டேன், மாமா ஓரத்துல ரெண்டு மில்லி அறுத்துத் தர முடியுமா. ஸ்லைஸ வாங்கி வெளிச்சத்துல புடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

"அறுத்துடலாம் மாப்ள. ஆனா ஓரம் தேன் கலர்ல இருக்கு, நடு செவப்பு. நீ ஓரத்த குடுத்தா ஓரத்தோட பேரத்தான் சொல்லுவான். நடுவுல இருக்குறதுக்கு என்ன பேருனு அப்பவும் உனக்குத் தெரியாதே?"

நான் எத்தன கட்டுரை படிச்சு புரிஞ்சுக்கிட்டத அவரு ஒரே பார்வைல சொல்லிட்டாரு. நடுவ அளக்கணும்னா முக்கோணத்த உடைக்கணும். உடைச்சுட்டு அப்புறம் பேர் எதுக்கு.

கல்லு இப்போ ஜன்னல் கம்பில ஒரு சின்ன ஸ்டாண்டுல நிக்குது, காலைல எட்டேகால்ல இருந்து ஒன்பது வரைக்கும் வெயில் நேரா விழும். லேபிள் எழுதியாச்சு: டூர்மலின், மடகாஸ்கர். அதுக்குக் கீழ பென்சில்ல, ஃப்ளோர்-லிட்டிகோட்டைட், பக்கத்துல ஒரு கேள்விக்குறி. தங்கச்சி நேத்து வந்தவ அத படிச்சுட்டு கேட்ட ஒரே கேள்வி, இது எவ்ளோடா அண்ணா.